நல்ல கலப்பும் தீய கலப்பும்: வடசென்னையில் வீடு, கடை, தொழில்

ராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை வங்கக் கடலை ஒட்டி நீளும் வடசென்னைப் பகுதியில், வீடும் கடையும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே தெருவில், சில வேளை ஒரே கட்டடத்தில், குடியிருப்பு, வணிகம், சிறுதொழில், பள்ளி, மருத்துவமனை எனப் பல தேவைகள் சேர்ந்து அமைவதை நகரமைப்பு வல்லுநர்கள் கலப்புப் பயன்பாடு என்பர். எளிய வருவாயில் வாழும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடும், நடந்து எட்டும் தொலைவில் கடையும் வேலையும், நிலத்தையும் நீரையும் காற்றையும் கெடுக்காத கட்டுமானமும் ஒருசேரக் கிடைப்பதே நீடித்த நகர வளர்ச்சி எனப்படுகிறது. உலகின் பல நகரங்கள் இத்தகைய கலப்பைப் புதிதாக உருவாக்க முயன்றுவரும் காலத்தில், வடசென்னையில் அது ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. ஆயினும் மக்களுக்கு வாழ்வளிக்கும் கலப்பு வளர்ச்சியின் பெயரால் பிரிக்கப்பட்டதும், மக்களை நோயுறச் செய்யும் கலப்பு அப்படியே விடப்பட்டதும் இப்பகுதியின் வரலாற்றுத் துயரம். இந்தப் போக்கைத் தலைகீழாக மாற்றுவதே வடசென்னைக்கான நகரமைப்பு அறிவியலின் முதற்பணி.

தொழிற்பட்டை உருவான விதம்

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதன்பின் துறைமுகமும், பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் நூற்பு நெசவு ஆலைகளும் எழுந்தபோது, ஆலைச் சங்கொலிக்கு நடந்துசெல்லும் தொலைவில் தொழிலாளர் குடியிருப்புகள் தாமாகவே வளர்ந்தன. விடுதலைக்குப் பிறகு திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலையும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உர ஆலைகளும், எண்ணூரில் 1970-இல் அனல் மின் நிலையமும், அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001-இல், இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் வந்து சேர்ந்தன. சென்னைப் பெருநகருக்கு மின்சாரமும் எரிபொருளும் வழங்கும் பொறுப்பு இவ்வாறு நகரின் ஒரு மூலையில் குவிந்தது.

இப்பகுதியின் நல்ல கலப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காசிமேட்டில் தெளிவாகக் காணலாம். விடியுமுன் விசைப்படகுகள் கரைசேர்ந்ததும் மீன் ஏலம் தொடங்குகிறது. ஐஸ் பெட்டிகளும் மீன்பாடி வண்டிகளும் வந்து நிற்கின்றன. ஏலத்தில் கூடை எடுத்த பெண்கள் வெயில் ஏறுமுன் தெருக்களில் விற்று முடிக்க வேண்டும். படகு எஞ்சின் பழுதுபார்ப்போர், வலை பின்னுவோர், அதிகாலையில் இட்லிக்கடை போடுவோர் என ஒரு படகின் வருகையைச் சார்ந்து பல குடும்பங்களின் வருமானம் அமைகிறது. இவர்கள் அனைவரும் துறைமுகத்துக்கு அருகிலேயே குடியிருப்பதால்தான் அதிகாலை மூன்று மணிக்குப் பேருந்து இல்லாத நேரத்திலும் இத்தொழில் நடக்கிறது. ஆகவே இங்கே வீட்டின் இருப்பிடம் வருமானத்தின் ஓர் உறுப்பாகவே இருக்கிறது.

கலப்பு ஏன் பயன் தருகிறது

நகரத் தெருக்களின் உயிர்த்துடிப்புக்குப் பயன்பாடுகளின் கலப்பே அடிப்படை என்று 1961-இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். வேலைக்குச் செல்வோர், கடைக்கு வருவோர், பள்ளிப் பிள்ளைகள், மாலையில் திண்ணையில் அமர்வோர் என வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மனிதர்கள் ஒரே தெருவைப் பயன்படுத்தும்போது, அங்குள்ள சிறுகடை நாள் முழுதும் வாடிக்கையாளரைப் பெறுகிறது; தெருவின்மீது எப்போதும் சிலரின் கண் இருப்பதால் பாதுகாப்பும் பெருகுகிறது. இதற்கு ஆற்றல் சார்ந்த காரணமும் உண்டு. அன்றாடத் தேவைகள் நடைத்தொலைவில் கிடைத்தால் வாகனப் பயணம் குறைகிறது. பயணம் குறைந்தால் எரிபொருளும் புகையும் குறைகின்றன. வாகனம் நிறுத்தவும் சாலையை அகலப்படுத்தவும் வேண்டிய நிலமும் மிச்சமாகிறது.

எனினும் எல்லாப் பயன்பாடுகளையும் கலக்கலாம் என்பது இக்கோட்பாட்டின் பொருளன்று. தொழிற்புரட்சிக் காலத்து நகரங்களில் புகை கக்கும் ஆலைகளுக்கு நடுவே மக்கள் நோயுற்று மடிந்ததன் எதிர்வினையாகவே, குடியிருப்பு, வணிகம், தொழில் ஆகியவற்றை வெவ்வேறு பகுதிகளில் ஒதுக்கும் நிலப்பயன்பாட்டு வலயமாக்கம் உலகெங்கும் பரவியது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இரண்டாவது முழுமைத் திட்டத்திலும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரமான தொழில் என வலயங்கள் வகுக்கப்பட்டுள்ளன. டெய்லர் கடையையும் மாவு மிஷினையும் வீட்டுக்குக் கீழே அனுமதிக்கலாம், அமோனியாக் குழாயை அனுமதிக்கலாகாது என்ற எளிய வேறுபாட்டைச் சட்டமாக்குவதே வலயமாக்கத்தின் நோக்கம். வடசென்னையில் இந்த வேறுபாடு வரைபடத்தில் இருந்த அளவுக்குத் தரையில் இல்லை.

தீய கலப்பின் விளைவு

2023 டிசம்பர் மாதம் தீய கலப்பின் ஆபத்தை நாடறியச் செய்தது. மிக்ஜாம் புயலின் பெருமழையால் மணலித் தொழிற்பகுதியில் வெள்ளம் பெருகியபோது, சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் கருமையாகப் படிந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகளின் மக்கள் மூச்சுத்திணறலுடன் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தது. அமோனியா நீரில் எளிதில் கரையும் வாயு. ஆகவே கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரப்பரப்பில் அது உடனே கரைந்து காரமாகி எரிச்சலூட்டுகிறது. குளிர்ந்த நிலையில் கசியும்போது நீராவியுடன் சேர்ந்து கனத்துத் தரையோடு பரவுவதால், தாழ்வான வீடுகளில் உறங்குவோரையே அது முதலில் தாக்குகிறது.

இத்தகைய இடர்களுக்கு இடைவெளியே முதன்மையான பாதுகாப்பு. கசியும் வாயுவின் செறிவு தொலைவு கூடக்கூடக் குறைகிறது. எனவே அபாயகரமான கிடங்கையோ குழாயையோ சுற்றி வீடுகளற்ற இடைநிலப் பட்டை ஒன்றை விட்டு, அதில் மரங்களையும் இடர் குறைந்த கிடங்குகளையும் மட்டும் அனுமதிப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. எண்ணூரைப் பொறுத்தவரை, பல மீனவக் குப்பங்கள் ஆலைகளுக்கு முன்பிருந்தே அங்கு உள்ளவை என்பதை மறவாமல், இடைவெளியை உண்டாக்கும் செலவையும் கடமையையும் ஆலைகளின்மீது சுமத்துவதே நியாயம்.

வாரிய வீடுகள் கற்பிக்கும் பாடம்

1970-இல் தோற்றுவிக்கப்பட்டு, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தந்தது. அளவில் சிறியவையாயினும் அவ்வீடுகள் தொழிலிடத்துக்கு அருகில் இருந்தன. பிற்காலத்தில் நகரின் உள்ளே நிலம் விலையேறியதால், ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் பல்லாயிரக்கணக்கில் குடியமர்த்தப்பட்டன. ராயபுரத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்தில் மீன் கூடை சுமக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் வீடு, அவரது தொழிலை அழித்துவிட்டே கிடைக்கிறது.

வீட்டின் விலையை மட்டும் வைத்து அது கட்டுப்படியாகும் வீடா என்று முடிவு செய்வதன் பிழை இங்கே வெளிப்படுகிறது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மிகாத வீட்டுச் செலவே தாங்கக்கூடியது என்பது பழைய அளவுகோல். வீட்டுச் செலவுடன் பயணச் செலவையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் புதிய அளவுகோலைச் சிகாகோவைச் சேர்ந்த அண்டை வாழிடத் தொழில்நுட்ப மையம் உருவாக்கியது. அரசு ஏறத்தாழ இலவசமாகவே தரும் வீடும், நாள்தோறும் இரண்டு மூன்று பேருந்துகளும் ஷேர் ஆட்டோவும் மாறி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு விலையுயர்ந்த வீடாகிவிடுகிறது. பயணத்தில் கழியும் நேரம் இந்தக் கணக்கில் சேராமலேயே பெண்களின் ஓய்வையும் பிள்ளைகளின் படிப்பையும் தின்றுவிடுகிறது.

அருகிலேயே கட்டுவது மட்டும் போதுமானதன்று. கட்டியது நிலைக்கவும் வேண்டும். திருவொற்றியூர் அறிவாக்குளத்தில் 1993-இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில், 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் நேரவில்லை. முப்பது ஆண்டு கூட நிறையாத கட்டடம் ஒன்று வீழ்ந்தது, கடற்கரைக் கட்டடங்களின் பராமரிப்பைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையாகும். கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள்ளிருக்கும் இரும்புக் கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உருவாக்குகிறது. கடற்காற்று சுமந்துவரும் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் நுண்துளைகள் வழியே உள்ளே ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் இப்படலம் சிதைந்து துரு பிடிக்கத் தொடங்குகிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவது இந்நிகழ்வின் கடைசிக் கட்டம். கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் மூடுபடையின் தடிமனைக் கூட்டுதல், அடர்த்தியான கலவை, ஒழுகும் குழாய்களை உடனே சரிசெய்தல் ஆகியவை இதனைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போடும். அதற்குப் பராமரிப்பு நிதி ஒன்று நிலையாக வந்துகொண்டிருக்க வேண்டும்.

கொடுங்கையூரின் வழி

அந்த நிதி எங்கிருந்து வரும், எளியோர் நகரின் உள்ளேயே எவ்வாறு தங்கலாம் என்ற கேள்விகளுக்கு வடசென்னையே ஒரு விடையைத் தந்துள்ளது. 1977-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ் கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் வழங்கும் முறை பின்பற்றப்பட்டது. இம்முறையில் அரசு முழு வீட்டையும் கட்டித் தராமல், தெரு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுடன் சிறு மனையை நெடுந்தவணையில் வழங்கிவிட, குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கேற்பப் படிப்படியாக வீட்டைக் கட்டிக்கொண்டன. பெரிய மனைகளும் கடை மனைகளும் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டு, அந்த வருவாய் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தது. ஒரு தரப்பிடம் பெறும் கூடுதல் வருவாயால் மற்றொரு தரப்பின் சுமையைக் குறைக்கும் இவ்வழி குறுக்கு மானியம் எனப்படும்.

தொடக்கத்தில் வீடுகள் மெதுவாக எழும்பியதால் இத்தகைய திட்டங்கள் தோற்றுவிட்டதாகவே கருதப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் சென்னையிலும் மும்பையிலும் இம்மனைப்பிரிவுகளை மீண்டும் ஆராய்ந்து 2018-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, அவை பல வருவாய்ப் பிரிவினரும் சேர்ந்து வாழும் அடர்த்தியான, வாழத்தகுந்த பகுதிகளாக வளர்ந்துள்ளன என்பதே. தரைத்தளத்தில் ஒரு மளிகைக்கடை, முதல் மாடியில் குடும்பம், அதற்குமேல் வாடகைக்கு ஒரு போர்ஷன் என எழுந்த வீட்டில், கடையும் போர்ஷனும் சேர்ந்து வீட்டுக் கடனை அடைக்கின்றன. சொந்த வீடு வாங்க இயலாத இன்னொரு குடும்பத்துக்கு வாடகை வீடும் கிடைத்துவிடுகிறது.

இதே கொள்கையை அடுக்குமாடிகளிலும் செயற்படுத்தலாம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது முதல் குடியிருப்புகளோடு கடைகளையும் சந்தைகளையும் உணவங்காடி நிலையங்களையும் சேர்த்தே திட்டமிட்டு வருகிறது. தமிழர் நன்கறிந்த தேக்கா நிலையத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் துணிக்கடைகளும் ஒரே கூரையின்கீழ் இயங்க, அதனை ஒட்டியே கழகக் குடியிருப்புகள் உள்ளன. பழைய துறைமுக நிலத்தில் எழுந்த ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஹாஃபன்சிட்டி, வடசென்னைக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. 157 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதியில் தரையே வெள்ள மட்டத்துக்கு மேலாக உயர்த்தப்பட்டது. தரைத்தளங்கள் கடைகளுக்கும் பொதுப் பயனுக்கும் ஏற்ற உயரத்துடன் அமைக்கப்பட்டன. புதிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அரசு மானியம் பெறும் வீடுகளாக இருக்க வேண்டும் என்ற நெறியும் பின்னர் வகுக்கப்பட்டது. நிலம் நகரத்தின் கையில் இருந்ததே இந்த நிபந்தனைகளை விதிக்க முடிந்ததன் காரணம்.

மெட்ரோவும் நிலமதிப்பும்

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்த் தேரடி ஆகியவற்றை நகரின் மற்றப் பகுதிகளோடு விரைவாக இணைத்துள்ளது. நிலையத்தைச் சுற்றி நடைத்தொலைவுக்குள் அடர்த்தியாக வீடுகளையும் கடைகளையும் அமைப்பது போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி எனப்படும். இதற்கான கருவி தளப்பரப்புக் குறியீடு. அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்ற வரம்பு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. எனவே 1,000 சதுர அடி மனையில் 2,000 சதுர அடி கட்டலாம்.

வரம்பை உயர்த்தினால் நிலத்தின் மதிப்பும் உடனே உயர்கிறது. பொதுப்பணத்தில் வந்த ரயிலும் அரசாணையால் வந்த கூடுதல் தளங்களும் உண்டாக்கிய அந்த மதிப்பு நில உரிமையாளரிடமே தங்கிவிட்டால், வாடகை உயர்ந்து, ரயிலால் மிகுதியும் பயனடைய வேண்டிய தொழிலாளரே பகுதியை விட்டு வெளியேற நேரிடும். ஆகவே கூடுதல் தளப்பரப்பு பெறும் ஒவ்வொரு கட்டடமும் அதே இடத்தில் எளியோருக்கான சிறு வீடுகளையும் சிறு கடைகளையும் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனை தேவை. அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டு விலகலாம் என்ற வழி திறந்திருந்தால், அப்பணத்தில் எழும் வீடுகள் மீண்டும் நிலம் மலிவான தொலைவிடங்களுக்கே சென்றுவிடும்.

சாம்பலும் நீரும் காற்றும்

அனல் மின் நிலையத்தின் சாம்பலை எண்ணூரின் கொசஸ்தலையாற்றிலிருந்து விலக்கிக் கட்டுமானத்துக்குத் திருப்புவது, தீய கலப்பை நல்ல கலப்பாக மாற்றும் வழிகளுள் ஒன்று. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சாம்பலிலுள்ள நுண்ணிய சிலிக்கா அதனோடு வினைபுரிந்து கூடுதல் பிணைப்புப் பொருளாகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி போசோலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைவதால் கரியமில வாயு வெளியேற்றமும் குறைகிறது. நுண்துளைகள் அடைபடுவதால் குளோரைடு ஊடுருவுவதும் தடைபடுகிறது. கடற்கரைக் கட்டடத்துக்கு இது இரட்டை நன்மை. புகைபோக்கிக்கு முன்னுள்ள மின்னிலை வடிகட்டியில் பிடிக்கப்படும் உலர் சாம்பலே இதற்குச் சிறந்தது. நீரில் கலந்து குழாய்வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்பட்டு, குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலந்த சாம்பல் அந்தப் பயனை இழந்து மீன்வளத்தையும் கெடுத்துவிடுகிறது.

நீரிலும் இத்தகைய சுழற்சி தொடங்கியுள்ளது. கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீர் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரிக்கப்பட்டு வடசென்னையின் ஆலைகளுக்கு வழங்கப்படுவதால், அதே அளவு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. காற்றைப் பொறுத்தவரை, வெயில் காலத்தில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றே வடசென்னையின் இயற்கையான குளிர்விப்பான். கடலுக்கு இணையாக நீண்டு நிற்கும் உயர்ந்த கட்டடச் சுவர்கள் பின்னாலுள்ள தெருக்களுக்கு இக்காற்றை மறைத்துவிடும். கட்டடங்களை இடைவெளி விட்டுக் காற்றின் திசையில் அமைத்தால் மின்விசிறியின் தேவையே குறையும். கரையோரம் எவ்வளவு நெருங்கிக் கட்டலாம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்ததால் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டு, கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை அளக்கும் கோல்

2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச் 14 அன்று 4,181 கோடி ரூபாய் மதிப்பில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டம், பழைய வாரியக் குடியிருப்புகளின் மறுகட்டுமானம், பள்ளி, மருத்துவமனை, சந்தை, சமுதாயக்கூடம், குடிநீர், கழிவுநீர் எனப் பல துறைப் பணிகளை ஒன்றிணைக்கிறது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட பகுதிக்கு இத்தனை முதலீடு வருவது வரவேற்கத்தக்கது. அதன் வெற்றியை எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. இடிக்கப்பட்ட குடியிருப்பின் குடும்பங்கள் அதே இடத்துக்குத் திரும்பினவா, கட்டுமானக் காலத்தில் அவர்கள் அருகிலேயே வாடகைக்குத் தங்க உதவித்தொகை போதுமானதாக இருந்ததா, தரைத்தளக் கடைகள் அங்கேயே வியாபாரம் செய்துவந்தோருக்குக் கிடைத்தனவா, கடை வாடகையில் ஒரு பங்கு பராமரிப்பு நிதிக்குச் சென்றதா என்பனவே உண்மையான அளவுகோல்கள். இவ்வாறு தற்காலிகமாக வெளியேறும் குடும்பங்களுக்கென 2021-இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கருணைத்தொகையை 18 மாதக் கட்டுமானக் காலத்துக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறத்தாழ 1,333 ரூபாயே வரும் என்பதிலிருந்து, இந்த அளவுகோல்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பது விளங்கும்.

இவை அனைத்துக்கும் முன்நிபந்தனையாக, புதிதாக எழும் எந்தக் குடியிருப்பும் வாயுக் கசிவு, எண்ணெய்க் கசிவு, வெள்ளம், கடலரிப்பு ஆகியவற்றின் எல்லைக்குள் வராதவாறு இடர் வரைபடம் ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அபாயத்தைப் பிரித்து, வாழ்வைச் சேர்த்து, சேர்ந்ததன் வருவாயில் ஒரு பங்கைக் கட்டடத்தின் ஆயுளுக்குச் செலவிடும் இவ்வரிசையைப் பின்பற்றினால், நகருக்கு மின்சாரமும் மீனும் சரக்கும் தந்துவந்த வடசென்னை மக்கள் தங்கள் தொழிலையோ உடல்நலத்தையோ விலையாகக் கொடுக்காமல் தங்கள் ஊரிலேயே நல்ல வீட்டில் வாழ முடியும். அதற்கான அறிவும் பொருளும் நிலமும் இன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை எந்த வரிசையில், யாருக்காகப் பயன்படுத்துவது என்ற முடிவை எடுக்கும் மேசையில் காசிமேட்டு மீன் வியாபாரிகளுக்கும் எண்ணூர்க் குப்பத்து மீனவர்களுக்கும் திருவொற்றியூர் வாரியக் குடியிருப்போருக்கும் இடம் தரப்பட வேண்டும்.